பெயர் வெட்டிய டம்ளர்

அந்த டம்ளர் திரும்புகிறது, ஆவி பறக்கும் காப்பியோடு, விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள் ஜன்னல் வெளிச்சத்துக்கு ஒவ்வொன்றாக வருகின்றன, முதலில் த, அப்புறம் ஒரு புள்ளி, அப்புறம் ராஜாத்தி, பிடித்திருக்கும் விரல் மெலிந்தது, நகத்தோரம் பேனா மை, அந்த விரல் எழுத்தின்மேல் வந்து நிற்கிறது, காளீஸ்வரிக்கு மூச்சும் அங்கேயே நிற்கிறது, ஏனென்றால் இந்த வீட்டில் ராஜாத்தி என்று யாரும் இல்லை.

ஒன்பது வருஷம் ஆகிவிட்டது, ஆனாலும் கோயம்புத்தூரிலிருந்து ஊருக்கு வருகிற காலைப் பஸ்ஸில் கொஞ்சம் கண் அசந்தால் போதும், டம்ளர் வந்துவிடும், சில சமயம் அது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி அளவுக்குப் பெரிதாக இருக்கும், சில சமயம் எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கழன்று காப்பிக்குள் விழும், விரல் மட்டும் அதே விரல், அதற்குப் பின்னால் அதே பத்துக்குப் பன்னிரண்டு அறை, அதை அளந்து வைத்திருந்தவள் அவள்தான், அப்பாவின் டேப்பால். அப்பா பெருமாள்சாமி கொத்தனார், அருப்புக்கோட்டையில் பாதித் தெருவுக்குச் சுவர் எழுப்பியவர், எழுப்பியதெல்லாம் அடுத்தவர் வீடு, அவள் ஏழாவது படிக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார், கரணையையும் மட்டப்பலகையையும் அம்மா பேச்சியம்மாள் அவர் கூட்டாளிக்குக் கொடுத்துவிட்டாள், டேப்பை மட்டும் இவள் விடவில்லை, கதவை அளந்தாள், ஜன்னலை அளந்தாள், தூங்குகிற அம்மாவையும் அளந்தாள், கடைசியில் கட்டடம் கட்டுகிற படிப்புத்தான் படிப்பேன் என்று ப்ளஸ் டூவில் வந்து நின்றாள். மார்க்குக்குக் குறைவில்லை, கலந்தாய்வில் அரசுக் கல்லூரியிலேயே இடம் கிடைத்துவிடும், கிடைத்து என்ன, ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் எங்கே போவது, அம்மா பஞ்சு கூட்டுகிற மில்லில் சூப்பர்வைசர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார், பரீட்சை முடிஞ்சதும் பிள்ளைய அனுப்பும்மா, ஸ்பின்னிங்ல ஆள் வேணும். அம்மாவும் சரிங்கய்யா என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தாள்.

போவேனா, என்று காளீஸ்வரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சுகந்தி டீச்சர் கொடுத்த ஃபாரத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மதுரையில் ஒரு அறக்கட்டளை, படிக்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு நாலு வருஷமும் பார்த்துக்கொள்வார்களாம், எட்டுப் பக்க ஃபாரம், அதில் பாதிக்கு இல்லை இல்லை என்று எழுதியே கை வலித்தது, நிலம் இல்லை, சொந்த வீடு இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை, கட்டில் இல்லை, நாற்காலி இல்லை, மின்விசிறி என்ற இடத்தில் ஒன்று, ஓடாது, என்று எழுதினாள், டீச்சர் சிரித்துவிட்டார், ஓடாததையுமாடி எழுதுவ, இவள் சிரிக்கவில்லை, உள்ளதத்தான டீச்சர் கேக்குறாக. ஏன் படிக்க விரும்புகிறாய் என்ற கேள்விக்கு நாலு தாள் கிழிந்தது, ஐந்தாவதில் டேப்பைப் பற்றி எழுதினாள். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்கு நடந்தாள், சர்வர் வரவில்லை நாளைக்கு வா என்றார்கள், வருகிறவரைக்கும் இருக்கிறேன் என்று வாசல்படியிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டாள், மூன்று மணிக்குச் சர்வரே இவள் தொல்லை தாங்காமல் வந்தது போல் வந்தது. பிடிவாதக்காரி என்று அம்மா திட்டுவாள், அப்பனுக்குத் தப்பாத பிள்ளை என்று அந்தத் திட்டிலேயே ஒரு செல்லமும் இருக்கும். அப்புறம் அம்மாவின் போனுக்கு அழைப்பு வந்தது, ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வீட்டைப் பார்க்க வருகிறோம், ஃபாரத்தில் எழுதியதைச் சரிபார்க்க வேண்டும் என்று தெளிவாகத்தான் சொன்னார்கள், அம்மாவின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான், வீட்டுக்கு வாராக.

அன்றைக்கு ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்கக் காளீஸ்வரி போகிறாள், ஞாயிற்றுக்கிழமை ஒரு கடையும் திறந்திருக்கவில்லை, பஸ் ஸ்டாண்டு வரை நடக்கிறாள், திரும்பி வந்து பார்த்தால் வீடு அவள் வீடாக இல்லை, வேறு யார் வீட்டுக்கோ கதவு மாறி வந்துவிட்டோமா என்று ஒரு கணம் திகைக்கிறாள், உள்ளே மூன்று சிவப்பு நாற்காலிகள், டிரங்குப் பெட்டிமேல் பூப்போட்ட விரிப்பு, சுவரில் ஒரு கடிகாரம், மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு ஃபேன் தலையை ஆட்டி ஆட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, அது முக்குச் சலூன் அண்ணனுடையது, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை வேர்க்க விட்டுவிட்டு அனுப்பியிருக்கிறார், அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற ஊதாச் சேலையில், தட்டில் மிக்சர், வரிசையாக எவர்சில்வர் டம்ளர்கள். பெண் பார்க்க வருகிற வீடே இதனிடம் தோற்றுவிடும். ஃபாரத்துல ஒண்ணுமில்லன்னு எழுதிருக்கேம்மா, பொய்யின்னு நெனைப்பாகளே, எல்லாத்தையும் எடும்மா, என்று இவள் பதற, அம்மாவுக்கு விளங்கவே இல்லை, வாசல் தேடி வர்றவுகளத் தரையிலயா உக்கார வைக்கச் சொல்ற, நாம சோத்துக்குச் செத்தவுகன்னாலும் மரியாதைக்குச் செத்தவுகளா, என்று கேட்டு முடிக்கவில்லை, ஐந்து வீட்டுக்கும் பொதுவான காம்பவுண்டு வாசலில், பேச்சியம்மா வீடு எதுங்க, என்று ஒரு குரல். மற்ற நாலு வீட்டுக்காரர்களும் ஒரே சமயத்தில் கையைக் காட்டினார்கள்.

வந்தவர் திலகவதி மேடம், மதுரையில் பேங்கில் வேலை, ஞாயிறுகளில் இப்படி வீடு வீடாகப் போகிறவர், உட்கார்ந்தார், ஃபாரத்தைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார், மறுபடியும் ஃபாரத்தைப் பார்த்தார், ஃபேன் புதுசாம்மா, என்று கேட்டார், அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, ஆமாம்மா, புழுக்கமா இருக்குன்னு வாங்குனது, என்றாள், பேனா எழுதியது. அந்தப் பேனா எழுதுகிற சத்தம் இப்போதும் பஸ்ஸில் கேட்கிறது, எஞ்சின் இரைச்சலையும் மீறி, பேனாவுக்கு ஏது அவ்வளவு சத்தம், ஆனால் கேட்கிறது, அப்போது மேடம் காப்பியைக் கையில் எடுத்தார், டம்ளர் திரும்பியது, விரல் ராஜாத்தியில் நின்றது, நிமிர்ந்து, நீங்க பேச்சியம்மாள்தான, என்றார். காளீஸ்வரி அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள், பார்த்தால் வாய் வராது என்று தெரிகிறது, அம்மா இன்னொரு பொய்யைத் தேடிக்கொண்டிருக்கிறாள், அந்தப் பொய் வந்துவிட்டால் திங்கட்கிழமை மில்தான், ஆகவே பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டு சொல்கிறாள், மேடம், அந்த டம்ளர் எங்களுது இல்ல, ராஜாத்தி அக்காவுது, நீங்க உக்காந்திருக்கிற நாற்காலி முனியாண்டி மாமாவுது, பின்னாடி பெயிண்ட்ல பேரு இருக்கும், மிக்சர் தட்டுல அடுத்த வீட்டு வேலம்மா காது குத்துன தேதி இருக்கும், ஃபேன் சலூன் அண்ணனுது, பன்னெண்டு மணிக்குக் குடுத்துரணும். ஏய், என்றாள் அம்மா. மேடம் எழுந்து நாற்காலியின் முதுகைப் பார்த்தார், முனியாண்டி அங்கே இருந்தார், வாசலில் நிஜ முனியாண்டி மாமாவும் நின்று, ஆமா தாயி, நம்மளுதுதான், என்றார்.

வாசலில் அவரோடு நின்ற எதிர்வீட்டு ராஜாத்தி அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை, பின்ன என்னம்மா, இந்தக் காம்பவுண்டுல இருந்து ஒருத்தி காலேசுக்குப் போகப் போறா, அவ வீட்டுல உக்கார ஒரு நாற்காலி இல்லன்னா எங்களுக்குத்தான கேவலம், என்றாள், ஏதோ மேடம்தான் தப்பு செய்துவிட்ட மாதிரி. மேடம் சிரிக்கவில்லை, அப்ப உங்க வீட்டுது எதும்மா, என்று மட்டும் அம்மாவிடம் கேட்டார், இவள் முந்திக்கொண்டு காட்டினாள், பாய், அடுப்பு, ஓடாத ஃபேன், அப்பாவின் டேப், காட்டக் காட்டச் சீக்கிரமே தீர்ந்துவிட்டது, அப்போதுதான் அம்மா தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள், காப்பித்தூள் எங்களுதும்மா, காசு குடுத்து வாங்குனது. மேடம் அந்தக் காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார், அதற்கப்புறம் நோட்டில் வெகுநேரம் எழுதினார், என்ன எழுதினார் என்று காளீஸ்வரிக்கு இன்றுவரை தெரியாது.

நாற்காலிகள் திரும்பிப் போயின, கடிகாரம் போயிற்று, அம்மா ஊதாச் சேலையை மடித்து வைத்தாள், மூன்றாம் நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே, மானத்த வாங்கிட்டடி, என்றாள், ஃபாரத்துல ஒண்ணு வீட்டுல ஒண்ணுன்னு இருந்தா எத நம்புவாகம்மா, என்றாள் இவள், அதுக்கு அத்தன பேரு முன்னாடியுமா, என்று அம்மா கேட்டாள், செய்தது சரிதான், மறுபடி அந்த ஞாயிறு வந்தால் மறுபடியும் அதையேதான் சொல்வாள், ஆனாலும் அம்மாவின் குனிந்த தலையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துத்தான் சொல்வாள். பதினெட்டு நாள் கழித்து அம்மா மில்லிலிருந்து நேரத்துக்கு முன்பே வந்து நின்றாள், தலைமுடியெல்லாம் பஞ்சு, கையில் போன், கூப்பிட்டாக, எடுத்துக்கிட்டாகளாம், என்றாள், இவள் பாய்ந்து கட்டிக்கொள்ள, அம்மா அதற்குள் அடுத்த கவலைக்குப் போயிருந்தாள், ஹாஸ்டலுக்குப் பெட்டி வேணுமே, யாருகிட்ட கேக்க. பெட்டியும் இரவல்தான், அதிலும் வேலம்மாள் பெயர் இருந்தது, நாலு வருஷமும் அறைத்தோழிகள் இவளை வேலு என்றே கூப்பிட்டார்கள். கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து வாங்கிய முதல் சம்பளத்தில் என்னம்மா வேண்டும் என்று கேட்டபோது அம்மா சேலை கேட்கவில்லை, தோடு கேட்கவில்லை, ஒரு டஜன் டம்ளர் கேட்டாள், பாத்திரக்கடைக்காரர் யார் பேர் வெட்ட என்று கேட்க, தன் பெயரைச் சொல்லுவாள் என்று பார்த்தால், பெ. காளீஸ்வரி, பக்கத்துலயே பி.இ.ன்னு போடுங்க, பெருசாப் போடுங்க, என்றாள், இவளுக்கு வெட்கத்தில் கடையை விட்டு ஓடலாம் போலிருந்தது.

பஸ் நின்றுவிட்டது, அருப்புக்கோட்டை வெயில் முகத்தில் அடிக்கிறது, காம்பவுண்டைக் காலி செய்ய அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை, அதே ஐந்து வீடு, அதே குழாய், உள்ளே வந்து காப்பி கேட்டால் அம்மா பித்தளைச் சொம்பில் ஊற்றிக் கொடுக்கிறாள், டம்ளர் எங்கம்மா, நான் வாங்கிப்போட்ட நாற்காலியும் காணோம், என்று கேட்க, எதுத்த வீட்டுக்குப் போயிருக்கு, ராஜாத்தி மக அபிநயா ப்ளஸ் டூ முடிச்சிருக்கால்ல, ஃபாரம் போட்டிருந்தா, இன்னைக்கு வீடு பாக்க வந்திருக்காக, என்கிறாள் அம்மா, காளீஸ்வரிக்குச் சொம்பு கையில் சுடுகிறது, அய்யோ அம்மா, அதுல எம்பேரு இருக்குமே, மறுபடியுமா. இருக்கட்டும், என்கிறாள் அம்மா, கொஞ்சமும் பதறாமல், வர்றவுக பாக்கட்டும்னுதான வெட்டுனேன்.

அவள் செருப்பைக்கூடப் போடாமல் முற்றத்தைத் தாண்டி ஓடுகிறாள், எதிர்வீட்டு வாசல் நிலையில் போய் நிற்கிறாள், உள்ளே அவள் வீட்டு நாற்காலியில் யாரோ ஒரு இளம்பெண், மடியில் ஃபாரம், கையில் ஆவி பறக்கும் டம்ளர், அது திரும்புகிறது, பெ வருகிறது, புள்ளி வருகிறது, காளீஸ்வரி வருகிறது, விரல் பி.இ.யில் நிற்கிறது, இது நிஜமா, பஸ்ஸில் வருகிற கனவா என்று ஒரு கணம் புரியவில்லை, யாரு இந்தக் காளீஸ்வரி, என்று அந்தப் பெண் கேட்கிறாள், ராஜாத்தி அக்கா வாயைத் திறக்கிறாள், அதற்குள் பாயில் உட்கார்ந்திருந்த அபிநயா முந்திக்கொள்கிறாள், தலையைக் குனியவில்லை, நிலையில் நிற்பவளை நேராகக் கைகாட்டுகிறாள், அந்தா நிக்கிறாகளே அந்த அக்கா மேடம், எதுத்த வீடு, டம்ளர் அவுகளுது, காப்பித்தூள் எங்களுது.