கருகாத எண்ணெய்

1

இந்தக் கதை பிறந்தது கோபத்தில். நகராட்சி அலுவலர் ஒருவர் எங்கள் மீன் சந்துக்கு வந்தார். “டிரான்ஸ்பார்மர் எண்ணெய்ல மீன் பொரிக்கிறீங்களே, உங்களுக்கெல்லாம் மூளையே கிடையாதா?” என்று பெண்களைத் திட்டிவிட்டு வண்டியேறிப் போய்விட்டார். நான் கென்யாவின் ஏரிக்கரை ஊரான கிசுமுவில் வேதியியல் ஆசிரியை. அந்தச் சந்தில்தான் குடியிருக்கிறேன். அவர் கிளப்பிய புழுதி அடங்குமுன் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: “ஏரியின் மேல் வெயில் மெல்லச் சாய்ந்து” — வேண்டாம். ஏரியைக் காட்டினால் உங்களுக்குக் கோபம் வராது.

இரண்டாவது: “அபோண்டி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.” இது இருக்கட்டும்.

2

மீனின் சதையைத் தொழிற்சாலை அறுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிடும். தலையும் முள்ளுமாக மிஞ்சுவது எங்கள் சந்துக்கு வரும். அதைப் பொரித்து விற்கிறவள் அபோண்டி; ஒகுட்டு என்ற கைக்குழந்தையின் அம்மா. ஒவ்வொரு சட்டியிலும் முதல் துண்டை, வாங்க வந்தவர் கண்ணெதிரே பொரித்தவளே கடித்துக் காட்ட வேண்டும். கடிக்காதவளிடம் இங்கே யாரும் வாங்க மாட்டார்கள். அபோண்டி நாள் முழுவதும் கடித்துக்கொண்டே இருப்பாள்.

ஒரு வியாபாரி புது எண்ணெய் கொண்டுவந்தான். (அவனுக்குப் பெயர் வைக்கப் பார்த்தேன். வைத்தால் அவன் ஒருவன்தான் குற்றவாளி என்றாகிவிடும். பழைய மின்மாற்றிகளைப் பூட்டு இல்லாத கிடங்கில் போட்டுவிட்டு மறந்தவர்களுக்கும் பெயர் உண்டு.)

“எத்தனை தடவ காய்ச்சினாலும் கறுக்கவே மாட்டேங்குது,” என்றாள் அபோண்டி.

“அப்ப உன் மாமியா மனசு மாதிரி இல்லேன்னு சொல்லு,” என்றாள் பக்கத்து அடுப்பு அகேயோ.

“புகையும் இல்லடி. கண்ணு எரியல.”

“ஏய் ஒகுட்டு அம்மா, எனக்கும் ஒரு கேன் சொல்லி வை. நான் மட்டும் அழுதுகிட்டே பொரிக்கணுமா?”

3

இங்கே கதையை நிறுத்தி விளக்கியாக வேண்டும். விளக்குவது எனக்குப் பிடிக்கும், கோபத்திலும்கூட.

பழைய மின்மாற்றிகளிலிருந்து அவன் வடித்துவந்த அந்த எண்ணெயின் மூலக்கூறு இரண்டு கார்பன் வளையங்களால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் ஆறு மூலை. இரண்டையும் ஒரு பிணைப்பு கோத்திருக்கிறது. ஹைட்ரஜன் இருக்க வேண்டிய மூலைகள் பலவற்றில் குளோரின் உட்கார்ந்திருக்கும். இதைத் தின்ன வரும் மண் நுண்ணுயிருக்குப் பெரும்பாலும் குளோரின் இல்லாத இரண்டு மூலைகள் அடுத்தடுத்துக் கிடைக்க வேண்டும். அங்கேதான் அது பிடித்து உடைக்கும். குளோரின் குறைவென்றால் அந்த இடம் கிடைத்துவிடும். நிறைய என்றால் பிடிக்கவே இடமில்லை. நம் கல்லீரலும் அப்படித்தான் திணறுகிறது. தண்ணீரில் அநேகமாகக் கரையாது, ஆகவே சிறுநீரோடு போகாது. கொழுப்பில் கரையும், ஆகவே கொழுப்பில் தங்கிவிடும்.

(கவனியுங்கள்: சட்டியில் கருகாததற்கும் உடம்பில் அழியாததற்கும் காரணம் ஒரே கட்டமைப்புதான். கருகாத எண்ணெய் உறுதியான எண்ணெய் என்று அபோண்டி கணித்தது சரி. மின்மாற்றி செய்தவர்களும் அதே கணக்கில்தான் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களிடம் யாரும் மூளை இருக்கிறதா என்று கேட்கவில்லை.)

4

அலுவலர் போன பிறகு அபோண்டி என் வாசலுக்கு வந்தாள். ஒகுட்டு மாரில் பால் குடித்துக்கொண்டிருந்தான். பின்னாலேயே அகேயோ. மேலே சொன்னதை அவர்களுக்கும் சொன்னேன்.

“கொழுப்புல தங்கும்னா, எங்கிட்ட ஏது டீச்சர் கொழுப்பு? நானே முள்ளு மாதிரி இருக்கேன்.”

“ஒல்லியா இருந்தாலும் கொஞ்சம் இருக்கும், ஒகுட்டு அம்மா.”

“சரி. அது எப்ப வெளிய போகும்?”

“காலப்போக்கில் மெல்ல மெல்ல” என்று இந்த இடத்தில் எழுதி, அடித்துவிட்டேன். அது வேகமாக வெளியேறும் வழி ஒன்று உண்டு. பாலிலும் கொழுப்பு இருக்கிறது.

நான் அதைச் சொல்லவில்லை; ஆனால் என் பார்வை குழந்தையிடம் போய்விட்டது. அவள் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

“இதுலயா?”

“பவுடர் பால் குடுடி!” என்று கத்தினாள் அகேயோ.

“எந்தத் தண்ணியில கலக்கறது? போன மழையில வயித்தால போயி செத்த உன் தங்கச்சி பிள்ளய எங்க புதைச்சோம்? மறந்துட்டியா?”



5

முடிவு, ஒன்று: அபோண்டி தொடர்ந்து பால் கொடுக்கிறாள். மருத்துவர்களும் பொதுவாக அதையே சொல்வார்கள். தாய்ப்பாலின் நன்மை பெரிது. ஆனால் அந்தப் “பொதுவாக”வுக்குள் அவள் கடித்த துண்டுகளெல்லாம் அடங்குமா? அளந்தால்தான் தெரியும். அளக்கும் வசதி இந்த ஊரில் இல்லை.

முடிவு, இரண்டு: நிறுத்திவிடுகிறாள். பால் பொடியைச் சந்துக் குழாய்த் தண்ணீரில் கலக்கிறாள். அந்தத் தண்ணீரில்…

இதை எழுத மாட்டேன்.

முடிவு, மூன்று: அதே அலுவலர் நல்ல தண்ணீரோடும், இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பும் ஆட்களோடும் திரும்பி வருகிறார். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அடித்துவிட்டேன்.

“ஏதாவது சொல்லுங்க டீச்சர்,” என்கிறாள் அபோண்டி.

அவளை இந்த இடத்தில் நிறுத்தியவர்களுக்காக ஒரு முடிவைச் செய்து கொடுக்க எனக்கு விருப்பமில்லை. கதையை உங்களிடம் தருகிறேன். ஒரே நிபந்தனை: அபோண்டி என்ன செய்தாள் என்று எழுதாதீர்கள். கிடங்கைப் பூட்டாமல் போனவர்களை இந்த வாசலுக்கு வரவழையுங்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள்.

சீக்கிரம் எழுதுங்கள். அவள் குழந்தையை மாரிலிருந்து விலக்கிவிட்டாள். அவன் அழுகிறான்.