கபுறடி ரோசா

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொன்றாம் ஆண்டு என் கணவர் முஹைதீன் கழுத்தில் ஒரு கட்டி வளர்ந்து மவுத்தானார். கட்டுகஸ்தோட்டைக் கடைத்தெருவுக்கு அது போதவில்லை. பள்ளிவாசலில் பொய்ச் சத்தியம் பண்ணினார், அதுதான் கழுத்தைப் பிடித்தது என்றார்கள். உண்மையா என்று நான் அவரிடமே கேட்டிருந்தேன். சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

அடக்கியதும் கபுறு மேட்டில் பச்சைக் கொப்பு நடுவது எங்கள் வழக்கம். இலை பச்சையாக இருக்கும்வரை அது அல்லாஹ்வைத் துதிக்கும், உள்ளே கிடப்பவருக்கு வேதனை குறையும் என்பார்கள். பெண்கள் கபுறுகள் இருக்கும் மையவாடிக்குப் போவதில்லை. அதனால் முற்றத்து ரோசாவில் ஒரு கொப்பு வெட்டித் தம்பி மர்சூக்கிடம் கொடுத்தேன். அது வேர்விட்டுத் துளிர்த்தது. நானும் கொஞ்சம் தூங்கினேன்.

மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை மையவாடியிலிருந்து வந்த மர்சூக் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ராத்தா, செடியில மண்ணோட ஒட்டினாப்போல ஒரு கட்டி ஈக்கி. மச்சான்ட கழுத்தில இருந்த மாதிரியே."

"பிடுங்கிப் போட்டுட்டு வேற கொப்பு நடு," என்றேன். நட்டான். அதுவும் வீங்கியது. வெறும் வாயை மென்ற ஊருக்கு அவல் கிடைத்தது. "உள்ளுக்குள்ள ஈக்கிற பாவம் வெளிய வருது," என்று அடுத்த வீட்டு ஆஸியா உம்மா என் காதுபடவே சொன்னாள். கதவை அறைந்து சாத்தினேன். சாத்தி என்ன? கண்ணை மூடினால் அந்தக் கட்டிதான். செடியிலா, அவர் கழுத்திலா என்று தெரியாமல் வளர்ந்துகொண்டே இருந்தது.

பிடுங்கிய செடியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மர்சூக்கோடு பேராதனைக்குப் பஸ் ஏறினேன். அங்கே அரச தாவரத் தோட்டத்தில் செடி நோய் பார்க்கும் ஹென்றி என்ற தமிழர் கட்டியைக் கீறிப் பார்த்தார்.

"பயப்படாதீங்கம்மா. இது பாவமுமில்ல, பேயுமில்ல. கண்ணுக்குத் தெரியாத கிருமி. வெட்டுக்காயத்தால உள்ள போய் செடிய வீங்க வைக்கும். தாய்ச்செடியிலயும் கட்டி இருக்கா?"

"இல்ல. அடிமண்ணக் கிளறியே பாத்தேன். சுத்தமா ஈக்கி."

எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. ஆஸியா உம்மாவின் வாசலில் போய் நின்று இதை உரக்கச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன்.

"அப்ப உங்க செடியில குத்தமில்ல," என்றார் ஹென்றி. "கிருமி அத நட்ட மண்ணிலதான் இருக்கு. வருஷக்கணக்கா இருக்கும். அந்த இடத்தில இனி ரோசா நடாதீங்க."

ஊர் சொன்னதைத்தான் படித்தவரும் சொன்னார். அந்த மண்ணில்தான் என் மனிதர் கிடக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் கத்தியை எடுத்து ரோசாவில் இன்னொரு கொப்பு வெட்டினேன். மர்சூக் கை நீட்டவில்லை.

"ராத்தா, அதுவும் வீங்கும்."

"வீங்கட்டும்டா. சீக்காளிக்கும் தொழுகை கடமைதானே? இலை பச்சையா ஈக்கிற வரைக்கும் அவருக்காக அது ஓதட்டும்."

வாங்கிக்கொண்டு போனான். ஒரு குறையும் இல்லாத கொப்பைத் தெரிந்தே அந்த மண்ணுக்கு அனுப்புகிறேனே என்று வாசல்வரை போனேன். ஆனாலும் அவனைத் திரும்பக் கூப்பிடவில்லை.