வெர்ஜிலுக்குக் கேட்காத சத்தம்

பட்டறைப் பூட்டு வழக்கம்போல் முரண்டு பிடித்தது. ஆர்லீன் கதவைத் தோளால் இடித்துக்கொண்டே சாவியைத் திருப்பினாள். புருஷன் வெர்ஜிலை மண்ணில் இறக்கிவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வீட்டுக்குள் தேவாலயத்துப் பெண்கள் துக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சாக்கில் அவள் பின்னாலேயே கொல்லைக்கு வந்து நின்றாள் ட்வைலா.

"அவசரமில்ல ஆர்லீன். என் பிஸ்டல அடுத்த வாரம்கூட வந்து எடுத்துக்கறேன்."

"இன்னிக்கே கொண்டு போ."

"என்ன?"

"இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடுன்னேன்!"

அடுத்த வாரமும் இவள் முகத்தில் விழிக்க வேண்டுமா என்பதை ஆர்லீன் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஓஹையோவின் அந்தச் சின்ன ஊரில் வெர்ஜில் நாற்பது வருஷம் துப்பாக்கி பழுது பார்த்தவர். ட்வைலா அவரோடு ஒரே சங்கத்தில் குறி சுடுகிறவள், மாநிலப் பரிசுகள் வாங்கியவள். வியாழக்கிழமைதோறும் இருவரும் சுடுகளத்தில் நின்றார்கள். அவ்வளவுதான். ஊரில் யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. சண்டை போடவாவது ஏதாவது கிடைக்காதா என்று ஆர்லீன் வருஷக்கணக்கில் வயிறெரிந்து கிடந்தாள்.

மேசைமேல் சிவப்புத் துணியில் சுற்றி இருந்தது பிஸ்டல். அதற்கடியில் ஒரு பழுப்புக் காகிதம். அதில் பென்சிலால் ஒரு கட்டைவிரலைச் சுற்றி வரைந்திருந்தார் வெர்ஜில். யாருடைய விரல் என்று கேட்கவே வேண்டாம். தவறி வெடிக்காமல் பூட்டி வைக்கும் புது சேஃப்டியின் நெம்பை அந்த விரலுக்குத் தோதாக இழைத்து மெலிய வைத்திருந்தார். மூட்டு வீங்கிக் கல்யாண மோதிரம் இறுக்குகிறது என்று மூன்று வருஷமாக ஆர்லீன் சொன்னபோது, சோப்புப் போட்டுக் கழற்று என்ற மனிதர்.

"எவ்வளவு அழகா பண்ணியிருக்காரு பாரேன்!" என்று கையை நீட்டினாள் ட்வைலா. "சனிக்கிழமை போட்டிக்கு இதோடதான் போறேன்."

"இரு."

ஆர்லீன் தோட்டாக்கூட்டைக் கழற்றினாள். குழலறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தாள். புது சேஃப்டி எப்போதும் தடித்துத்தான் வரும். அதை அரத்தால் இழுத்து இழுத்துப் பொருத்த வேண்டும். ஓர் இழுப்பு அதிகமாகிவிட்டால் போச்சு. மேலே தள்ளினால் ஜோராகப் போய் உட்காரும், ஆனால் உள்ளே பிடிக்காது; பூட்டியதாக நினைத்த துப்பாக்கி வெடித்துவிடலாம். பார்த்தால் தெரியாது, கேட்டால்தான் தெரியும்; சரியாகப் பிடித்திருந்தால் சத்தமே வராது. வெர்ஜிலின் காதுகளோ நாற்பத்தைந்து வயதிலேயே வெடிச்சத்தத்தில் போய்விட்டன.

அதனால் ஒவ்வொரு பிஸ்டலும் சமையலறைக்கு வரும். "ஆர்லீன், கொஞ்சம் காதக் குடு" என்பார். மாவுக் கையோடு குனிவாள். முப்பத்தோரு வருஷத்தில் அவள் கேட்காமல் ஒரு துப்பாக்கி வாசல் தாண்டியதில்லை. அதை அவரும் வெளியே சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை. படுக்கையைவிட அந்தரங்கமாக அதை அவள் வைத்திருந்தாள். இந்த ஒன்றை மட்டும் அவர் கொண்டு வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை காப்பிக் கோப்பையோடு சாய்ந்துவிட்டார்.

பிஸ்டலின் முதுகிலுள்ள சுத்தியலை ஏற்றி, சேஃப்டியைப் போட்டு, விசையை ஒரு தடவை அழுத்தி விடுவித்தாள். சுத்தியலைக் காதருகே கொண்டுபோய் மயிரிழை பின்னுக்கு இழுத்தாள்.

டிக்.

எறும்பு தும்மின மாதிரி. ட்வைலா சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன என்று ஒரு மூச்சு நேரம் ஆர்லீனுக்குத் தோன்றியது. தோன்றியதை நினைத்து அவளுக்கே உடம்பு கூசியது.

"இது பிடிக்கல," என்றாள். "ஒரு இழுப்பு அதிகமா அராவிட்டாரு."

"இருக்காது. வெர்ஜில் இதுல தப்பே பண்ணதில்லன்னு ஊருக்கே தெரியும்."

"ஒன்பது தடவ பண்ணியிருக்காரு. ஒன்பதும் நான் காதால கேட்டுச் சொன்னேன். தூக்கிப் போட்டுட்டு வேற பண்ணாரு."

ட்வைலாவின் முகம் தொங்கியது. அதைப் பார்க்க ஆர்லீனுக்கு அப்படி ஒரு நிறைவு. ஆனால் அது நிலைக்கவில்லை.

"திங்கக்கிழமை நான் இங்க வந்தப்போ என் காதுகிட்டயும் வச்சாரு," என்றாள் ட்வைலா. "சத்தம் வருதான்னாரு. வரலன்னேன்."

முத்தம் கொடுத்தார் என்று சொல்லியிருந்தால்கூட ஆர்லீன் தாங்கியிருப்பாள்.

"உனக்குத்தான் சுட்டுச் சுட்டுப் பாதிக் காது போச்சே! உன்னப் போய் கேட்டாரா?"

ஆர்லீன் சேஃப்டியை உருவி எடுத்தாள். பிஸ்டலைக் கழற்றித் துண்டு துண்டாகவே துணியில் கட்டி நீட்டினாள். "பக்கத்து ஊர்ல ஒருத்தன் இருக்கான். புதுசு போட்டுக் குடுப்பான். அதுவரைக்கும் இதத் தொடாத."

"அந்தச் சேஃப்டிய மட்டும் குடேன். அவர் கடைசியா அராவினது. ஞாபகத்துக்கு."

"கெட்டுப்போன சாமான் உனக்கெதுக்கு? குப்பையில போடறேன்."

போடமாட்டாள் என்பது இருவருக்கும் தெரிந்தது. அவள் கைக்குள் அது சூடேறிக்கொண்டிருந்தது.

ட்வைலா மூட்டையை அணைத்தபடி வாசலுக்கு நடந்தாள். அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, தனக்கே சொல்வதுபோல் முணுமுணுத்தாள். "எனக்குக் கேக்காதுன்னு அவருக்குத் தெரியும். ஆனாலும் என்னத்தான கேட்டாரு."

ஆர்லீனுக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

"என்ன சொன்ன?"

ட்வைலா திரும்பினாள். "ஒண்ணுமில்ல. சாப்பாட்டுல அந்த உருளைக்கிழங்கு நல்லா இருந்துச்சுன்னேன்."

"அத நான் செய்யல," என்றாள் ஆர்லீன்.

ட்வைலா போனபின் ஆர்லீன் பட்டறையிலேயே நின்றாள். கார் ரோட்டில் ஏறுவதும், ஊர்க்கோடியிலுள்ள ஆலை வளைவில் வேகம் குறைவதும், அதற்கப்பால் வெகுதூரம் போவதும், அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.