நாற்பத்தொரு கதவுகள்

மானாம்பதி போகிற வழியில் இருக்கும் எங்கள் ஊரின் பெரிய தெருவில், செத்துப்போன பாக்கியமேரி தினமும் காலை பத்தரை மணிக்கு நாற்பத்தொரு வீட்டுக் கதவையும் வரிசையாகத் தட்டுகிறாள். திறந்தால் ஆள் இருக்காது. கதவில் ஈரமாக ஒரு கைத்தடம் இருக்கும், வெயில் ஏறினால் காய்ந்துவிடும்.

உயிரோடு இருந்தவரை அவள் இந்தக் கதவுகளைத் தொட்டதில்லை. காலனிக்காரர்கள் பெரிய தெருவில் கதவு தட்டுவதில்லை, ரோட்டில் நின்றுதான் கூப்பிடுவார்கள். யாரும் சட்டம் போடவில்லை, யாரும் மீறவும் இல்லை. காலனிக்கும் ரோட்டுக்கும் நடுவே ஏரிக் கால்வாய் ஓடுகிறது. அதன்மேல் சின்னதாக ஒரு பாலம் வேண்டும். கிராம சபைத் தீர்மானத்துக்குப் பெரிய தெருக் கையெழுத்து இல்லாமல் ஆகாது என்று பஞ்சாயத்து ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். மருமகள் செவ்வந்திக்கு ஐப்பசியில் பிரசவம். பாக்கியமேரி ஆடியிலேயே நூறு நாள் வேலையை விட்டுவிட்டு, மஞ்சள் பையில் நோட்டும் பேனாவுமாக நடக்க ஆரம்பித்தாள்.

"ஒரு கையெய்த்து போடுங்கம்மா. மய வந்தா புள்ளத்தாச்சிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவ வயி இல்லம்மா" என்று ரோட்டில் நின்று கத்துவாள். உள்ளே டி.வி. ஓடும். கேட்காமல் இல்லை, நன்றாகவே கேட்டது. ஏகாம்பரத்தின் மனைவி சொக்கம்மாள் மட்டும் ஜன்னல் வழியாகப் பதில் சொல்வாள்: "அவரு கயினிக்குப் போயிக்கீறாரு, அப்பால வா." மூன்று மாதமும் ஏகாம்பரம் கழனியிலேயே இருந்தார். எழுதவே கை கூசுகிறது, அந்த நாற்பத்தொன்றில் என் வீடும் ஒன்று.

ஐப்பசி இருபத்தாறாம் தேதி ஏரி நிரம்பி வழிந்தது. செவ்வந்திக்கு வலி கண்டது, ஆம்புலன்ஸ் ரோட்டிலேயே நின்றது. கால்வாயில் ஆழம் பார்க்க முதலில் இறங்கிய பாக்கியமேரியை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. செவ்வந்தி வீட்டிலேயே பெற்றாள், குழந்தை அழவில்லை. பாக்கியமேரியின் மகன் டேனியல் அம்மாவையும் பிள்ளையையும் ஒரே குழியில் வைத்தான். நோட்டில் காலனிக் கையெழுத்துகள் மட்டும் இருந்தன.

மறுநாள் பத்தரைக்குத் தட்டல் தொடங்கியது. எலுமிச்சம்பழம் கட்டிப் பார்த்தோம். பக்கத்து வீட்டு வெங்கடேசன் கதவையே கழற்றி வைத்தார். அவர் வீட்டில் வாசல் நிலையில் தட்டல் கேட்டது. கார்த்திகையில் டேனியல் வந்து ரோட்டில் நின்று அந்தத் தட்டலைக் கேட்டான். "எங்கம்மா கதவத் தொட்டுடுச்சு" என்று சொல்லி அழுதான். யாரும் அவனை உள்ளே கூப்பிடவில்லை.

இது மூன்றாவது வருடம். பாலம் வரவில்லை. இப்போது யாருக்கும் பயமில்லை. தட்டல் கேட்டுத்தான் சொக்கம்மாள் உலையில் அரிசி போடுகிறாள். "அவரு கயினிக்குப் போயிக்கீறாரு, அப்பால வா" என்று அடுப்படியிலிருந்தே குரல் கொடுக்கிறாள். கூடத்தில் ஏகாம்பரம் பேப்பரைப் புரட்டுகிறார். சத்தம் அடுத்த வீட்டுக்குப் போகிறது.