அறுபது கெஜத்தில் ஒரு குண்டு

"இன்னைக்கும் நீ கோட்டை விட்டேன்னு வை, நாளைலேருந்து காட்டுக்குள்ள மானை விரட்டுற ஆளுங்களோட நடக்க வேண்டியதுதான். ஓடை முக்குல நின்னு சுடுற இடம் வேற ஆளுக்குப் போயிரும். தங்கச்சியாச்சேன்னு பார்க்க மாட்டேன்," என்றான் டெல்பர்ட்.

"காலங்காத்தால ஆரம்பிச்சுட்டியா? வாயை மூடிட்டு காபியைக் குடிண்ணே," என்றாள் ஆர்லிஸ்.

பிக்கப் வண்டியைச் சுற்றி ஆரஞ்சுச் சட்டை போட்ட எட்டுப் பேர் நின்றார்கள். எட்டுப் பேரும் சிரித்தார்கள், அவள் புருஷன் வெர்லின் உட்பட. சிரிக்கட்டும். அயோவாவில் டிசம்பர் முதல் சனிக்கிழமை, மான் பருவத்தின் முதல் நாள். அன்றைக்கு யாரை வேண்டுமானாலும் கேலி செய்யலாம்.

ஆனால் போன வருஷத்துக் கேலி வேறு. ஓடை முக்கில் நின்று அவள் சுட்ட பெரிய கொம்பன், வயிற்றில் அடிபட்டு ஓடியே போய்விட்டது. இரண்டு நாள் தேடினார்கள். மூன்றாம் நாள் நரிகள் தின்ற மிச்சத்தைத்தான் பார்த்தார்கள். "கை நடுங்கிருச்சு, வேறென்ன?" என்று டெல்பர்ட் ஊர் முழுக்கச் சொன்னான். அவளுக்குக் கை நடுங்கவில்லை. வேலியோரம் கிடந்த அந்த எலும்புதான் இன்றைக்கும் அவள் கண்ணுக்குள் நிற்கிறது.

"இந்தா, இந்த வருஷமும் நானே வாங்கிட்டு வந்துட்டேன்." டெல்பர்ட் ஐந்து தோட்டாக்களை அவள் உள்ளங்கையில் வைத்தான். பிளாஸ்டிக் உறைக்குள் செம்புக் குண்டு. "கடையிலேயே ஒசந்த சரக்கு. நூத்தைம்பது கெஜத்துல என் துப்பாக்கிக்குக் கோடு போட்ட மாதிரி போவுது. இதுக்கு மேல உனக்கு என்னதான் வேணும்?"

ஆர்லிஸ் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். துப்பாக்கிக்குள் வேறு தோட்டா ஏற்கெனவே இருந்தது. அதே கடையில் கீழ்த்தட்டில் கிடக்கும் மலிவான பழைய ரகம், மொட்டை ஈயக்குண்டு. இதைச் சொன்னால் சாக்குச் சொல்கிறாள் என்பார்கள். குறி தவறியவர்கள் எல்லோருமே தோட்டாவைத்தானே திட்டுகிறார்கள்!

மற்றவர்கள் மானை விரட்டக் காட்டுக்குள் இறங்க, அவள் ஓடை முக்கில் வேலிக்கம்பத்தை ஒட்டி நின்றாள். முன்னால் அறுத்த சோளக்கொல்லை, அதற்கப்பால் மண்மேடு. அந்த மேடு இருக்கிற திசையில் மட்டும்தான் சுடலாம். வலப்பக்கம் கூப்பிடு தூரத்தில் டெல்பர்ட் நின்றான்.

காட்டுக்குள் ஆட்கள் கத்திக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கொம்பன் ஒன்று கொல்லைக்குள் இறங்கி நின்றது. நூற்றிருபது கெஜம் இருக்கும். டெல்பர்ட்டுக்கு நடுவில் மரம் மறைத்தது. சுடு, சுடு என்று கையை ஆட்டினான்.

அவள் துப்பாக்கியைத் தூக்கவே இல்லை. நூற்றிருபது அண்ணன் கணக்கு, என் கணக்கு வேறு. எழுபத்தைந்துக்குள் வா ராசா, உனக்கு வலிக்காமல் முடித்துவிடுகிறேன். இந்தத் தடவை தப்பாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கொம்பன் வேலியோரமாகவே நடந்து வந்தது. அறுபது கெஜத்தில், மண்மேடு பின்னால் இருக்க, பக்கவாட்டில் திரும்பி விலாவைக் காட்டியது. சுட்டாள். துள்ளி நாற்பதடி ஓடி அப்படியே சாய்ந்தது.

டெல்பர்ட் மூச்சிரைக்க ஓடி வந்தான். "பார்த்தியா! பார்த்தியாடி! நான் சொன்னேன்ல, என் தோட்டாவை அடிச்சுக்க முடியாது!"

அவள் பையிலிருந்து ஐந்தையும் எடுத்து அவன் கையில் திணித்தாள். "எண்ணிக்கோ. ஒண்ணும் குறையலை."

"அப்ப எதால சுட்டே?"

"மொட்டைக் குண்டு." துப்பாக்கியைத் திறந்து, தோட்டா இல்லை என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு நீட்டினாள். "குழலுக்குள்ள பாருண்ணே."

வானத்தைப் பார்த்துப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"ஐயையோ. இதுல சுத்திச் சுத்திப் போற புரி வரியே இல்லையே. வழவழன்னு இருக்கே!"

"அது எப்பவும் அப்படித்தான் இருக்கு. உன் உறைபோட்ட குண்டு சுத்தினாத்தான் நேராப் போகும். சுத்த வைக்கிற புரி உன் குழல்ல இருக்கு, இதுல இல்ல. செப்டம்பர்ல அட்டை நட்டு வச்சுச் சுட்டுப் பார்த்தேன். உன் குண்டு அம்பது கெஜத்துலயே குறுக்கப் புரண்டு போய் அட்டையில நீள ஓட்டை போட்டுச்சு. மலிவு சரக்குக்குத் தலை கனம், அது தானா நேராப் போவுது."

"போன வருஷம் உனக்குத் தந்தது…"

"இதே தோட்டாதான்."

மானை விரட்டி வந்தவர்கள் ஒவ்வொருவராகக் காட்டைவிட்டு வெளியே வந்தார்கள். "அடேங்கப்பா, இந்த வருஷம் கை நடுங்கலையா?" என்றான் வெர்லின்.

"யாரும் சிரிக்காதீங்க," என்றான் டெல்பர்ட். அவன் முகம் செத்துப்போயிருந்தது. "போன வருஷத்து மானைச் சித்திரவதை பண்ணினது இவ இல்ல. நான். விலை ஒசத்தின்னு வாங்கி இவ தலையில கட்டினேன். குழலை ஒரு தடவை எட்டிப் பார்க்கலை. ஊர் பூரா இவ கைதான் நடுங்குதுன்னும் சொல்லிட்டேன்."

ஆர்லிஸுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் இல்லை, ஆரஞ்சுக் கையுறையாலேயே துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு யார் எங்க நிக்கணும்னு நீயே சொல்லு புள்ள," என்றான் டெல்பர்ட்.

"நான் இங்கதான். நீ காட்டுக்குள்ள நட," என்று குனிந்து ஒரு கொம்பைப் பிடித்தாள். "இப்ப அந்தப் பக்கத்தைப் பிடி, இழுப்போம்."