மொன்ஜி மகளின் முகம்

நோன்பு திறக்கும் பீரங்கிச் சத்தம் கேட்டது. மொன்ஜி பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டார். எதிரே மகள் சிரின். அவர் தட்டையே பார்த்தார்.

சற்று முன் அவள் வாசலில் வழக்கம்போல நெற்றியைக் காட்டி நின்றபோதும் அவர் முத்தமிடவில்லை. அடுப்பில் சூப் கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

ரமலான் மாதத்தில் நோன்பு திறந்ததும் துனிஸ் நகரமே சிரின் நடிக்கும் தொடரைப் பார்க்கும். போன வாரம் எவனோ அவள் முகத்தைக் கணினியில் ஒரு நிர்வாண உடம்போடு ஒட்டி, வீடியோவாக்கிப் பரப்பிவிட்டான். மொன்ஜியின் சலூன் நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு இருந்த ஹெடி, "கோவிச்சுக்காதீங்க அண்ணே, உங்களுக்குத் தெரியணும்ல" என்று போனை நீட்டினான். மொன்ஜி பார்த்துவிட்டார். பொய் என்று அந்த நொடியே தெரிந்தது. தெரிந்து என்ன? கண் பார்த்துவிட்டது. பாதிச் சவரத்தோடு அவனை வெளியே தள்ளிக் கடையைப் பூட்டினார். இன்னும் திறக்கவில்லை.

சிரின் 'பிரிக்' பலகாரத்தைத் தட்டில் வைத்தாள். மெல்லிய மாவுக்குள் முட்டையை உடைத்து ஊற்றி, மடித்துப் பொரித்தது. பெண் பார்க்க வருகிறவனுக்கு அதைக் கொடுப்பார்கள். கடிக்கும்போது மஞ்சள் கரு வழிந்தால் பெண் கிடையாது. அந்தப் பரீட்சையில் தான் ஜெயித்த கதையை, மனைவி போன பிறகும் மொன்ஜி எல்லா ரமலானிலும் சொல்வார்.

இன்று குனிந்தபடியே கடித்தார். கரு தாடியில் வழிந்து சட்டையில் விழுந்தது.

"போச்சு! அம்மா இருந்திருந்தா கல்யாணமே செல்லாதுன்னிருப்பாங்க."

அவர் சிரிக்கவில்லை.

"பாபா, அதை நம்பிட்டீங்களா?"

"பைத்தியமா உனக்கு?"

"அப்பறம் ஏன் என் முகத்தைப் பாக்க மாட்டேங்கறீங்க? போலீஸ்ல புகார் குடுக்கப் போனேன். அங்க இருந்த ஆளு வீடியோவைப் பாத்தான், என்னைப் பாத்தான், மறுபடி வீடியோவைப் பாத்தான். விளம்பரக்காரங்க, பொய்னு தெரியும்மா, ஆனா இப்ப வேணாம்னுட்டாங்க. பொய்னு எல்லாருக்கும் தெரியுது. நீங்களாவது..."

"நான் பாத்துட்டேன்டா கண்ணு." குரல் உடைந்தது. "நீ இல்லைன்னு தெரியும். இருந்தாலும் பாத்துட்டேனே. உன் முகத்தைப் பாத்தா அது குறுக்க வந்து நிக்குமோன்னு பயமா இருக்கு."

"எனக்கும்தான் பாபா. மேக்கப் போடும்போது கண்ணை மூடிக்கறேன். கண்ணாடில அந்த வீடியோல இருக்கறவ வந்துடுவாளோன்னு."

பக்கத்து வீட்டில் தொடரின் இசை ஆரம்பித்தது. அவள் பிரிக்கைக் கடித்தாள். வாய் நிறைந்திருக்கும்போதே அழுகை வந்தது. கரு மோவாயில் வழிந்தது.

மொன்ஜி எழுந்தார். பழக்கத்தில் துண்டைத் தோளில் போட்டார். இரண்டு விரலால் அவள் மோவாயைப் பிடித்து, கடையில் செய்வதுபோல வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

பார்த்தார். பயந்தபடியே அந்த வீடியோ குறுக்கே வந்தது. அவர் கையை எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். சிவந்த மூக்கு. கண்ணுக்குக் கீழே கருவளையம். மோவாயில் மஞ்சள்.

"நீ தூங்கறதே இல்லையா?"

"நீங்க கடையே திறக்கறதில்லையாமே?"

"நாளைக்குத் திறப்பேன்." துண்டால் துடைத்துவிட்டார். "ஹெடிக்கு இன்னும் பாதிச் சவரம் பாக்கி இருக்கு."

"விடுங்க பாபா, அப்படியே அலையட்டும்."

அழுகைக்கு நடுவே சிரித்தாள். பிறகு நெற்றியைக் காட்டினாள்.