நான்காம் மூலை

பள்ளிக்கூடத்தின் நீண்ட கட்டடத்திற்கு ஓடு வேய்ந்தவள் என் தங்கை. அக்கூரையின் விளிம்புகளைச் சரிபார்க்கத் தாளாளர் அமர்த்தியதோ என்னை. என் குழுவிலிருந்து பிரிந்து அவள் தனியே ஏற்ற முதல் வேலை அது. தேறினால் எஞ்சிய இரண்டு கட்டடங்களும் அவளுக்கே.

“தங்கச்சிதானேன்னு கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடாதீங்க,” என்றார் தாளாளர்.

“எங்கண்ணனா? என் கல்யாண போட்டோவப் பார்த்துட்டு, பின்னாடி சுவர் சாஞ்சிருக்குன்னு சொன்ன ஆளுங்க,” என்றாள் தங்கை.

ஏணியில் ஏறி நூல் பிடித்தேன். ஓடுகளின் நுனிகள் ஒரே கோட்டில் நின்றன. அவற்றின் அடியில் மடித்துப் பொருத்திய தகட்டில் ஆணிக்கு ஆணி ஒரே இடைவெளி. பின்னர்ச் சுவரெங்கும் பழைய செய்தித்தாள்களை ஒட்டிவிட்டு, கூரைமேல் குழாய்நீரைப் பாய்ச்சினோம். நீர் சுவரைத் தொடாமல் விலகி விழுந்தது. தாள்களில் ஒரு துளியும் இல்லை.

பேனாவை எடுத்தேன்.

“அதை மூடி வைங்கண்ணே. மழை மேலேர்ந்து மட்டுமா வருது? மூலையில காத்து கீழேர்ந்து ஏத்தி அடிக்கும். குழாயக் கீழேர்ந்து பிடிங்க.”

“தேறின வேலைக்கு நீயே உலை வைக்கிறியே.”

“வேற யாராவது போட்ட கூரைன்னா விட்டிருப்பீங்களா?”

விட்டிருக்க மாட்டேன். அச்சோதனையை நான் மறக்கவில்லை; தவிர்த்தேன்.

மூன்று மூலைகள் தாங்கின. நான்காவதில் தாளின் மேல்முனை மெல்ல நனைந்து கறுத்தது. தாளாளர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவள் ஏறி ஓடுகளைக் கழற்றினாள். மூலையில் ஒரு தகட்டின்மேல் மற்றொன்று படியும் அகலம் போதவில்லை. புதிய தகடு வெட்டிப் பொருத்தினாள். அத்துடன் நில்லாமல் அடுத்த மூலைக்குப் போனாள்.

“தாங்கினதை ஏன் கழட்டுறே?”

“நாலும் ஒரே அளவுல வெட்டினதுண்ணே. ஒண்ணு ஒழுகுச்சுன்னா மத்தது அதிர்ஷ்டத்துல நிக்குதுன்னு அர்த்தம்.”

மாலைக்குள் நான்கையும் மாற்றினாள். இம்முறை தாளாளரே குழாயைப் பிடித்துச் சட்டையெல்லாம் நனைந்தார். தாள்கள் நனையவில்லை.

“மத்த ரெண்டு கட்டடமும் உனக்குத்தாம்மா. அண்ணனையே பார்க்கச் சொல்லவா?”

“வேண்டாங்க. அவர் என்கிட்ட இளகிப்போயிட்டாரு. கறாரான ஆளாப் பாருங்க.”

அன்று தங்கையால் வேலையிழந்த கதையை இன்றும் நானே வலியச் சொல்லி வருகிறேன், கேட்பவர்தாம் சலித்துக்கொள்கிறார்கள்.